ஒன்பது பேருக்கு ஒரு குரல்

"இறங்காதீங்க, யாரும் இறங்காதீங்க. கய்யூம் பாய், வண்டியை இன்னும் கொஞ்சம் பின்னால தள்ளுங்க."

"எங்க தள்றது பீபி? வாசல்ல ஒரு பெட்டி கீது. யானைக்குட்டி கணக்கா."

அஸ்மத்துன்னிசா வண்டித் திரையின் ஓரத்தை ஒரு விரலால் நீக்கிப் பார்த்தாள். கம்பெனியின் பின்வாசலை அடைத்துக்கொண்டு ஒரு மரப்பெட்டி நின்றது. நாலு ஆட்கள் அதற்குக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள். அது அசையவில்லை. சந்தின் கோடியில் கூவம் நாறியது.

தினமும் வண்டி பின்னோக்கி வந்து வாசல் நிலையை ஒட்டி நிற்கும். வண்டித் திரை நிலையில் உரசும். உள்ளே இருக்கும் ஒன்பது பெண்களும் தெரு மண்ணை மிதிக்காமல் அப்படியே படியில் காலை வைத்து அறைக்குள் போய்விடுவார்கள். நாலு வருஷமாக அப்படித்தான். இன்றைக்கு வண்டிக்கும் வாசலுக்கும் நடுவே பத்தடி வெட்டவெளி.

"பத்தடிதானே ஆபா. நடந்தா தேஞ்சா போயிடுவோம்?" என்று கிசுகிசுத்தாள் வஜீஹா. கூட்டத்திலேயே சின்னவள், அஸ்மத்துன்னிசாவை அக்கா முறையில் ஆபா என்பவள். பத்தொன்பது வயது.

"நீ தேஞ்சாலும் உன் வாய் தேயாது," என்றாள் ஜைதூன் பீ. எல்லாரையும்விட மூத்தவள், கண்ணாடி போட்டவள். வண்டிக்குள் சிரிப்பு புர்காக்களுக்குள் அமுங்கியது.

வேறு வழியில்லை. அஸ்மத்துன்னிசா முதலில் இறங்கினாள். கயிறு இழுத்த ஆட்கள் அவளைக் கண்டதும் கயிற்றை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். பெண்கள் ஒருவர் பின் ஒருவராக ஓடாத குறையாக நடந்தார்கள். வஜீஹா கடைசியாக வந்தாள். பெட்டியருகில் நின்று அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"இது என்ன ஆபா?"

"உனக்கு எதுக்கு? உள்ளே வா."

"மோட்டாரும்மா," என்று சுவரைப் பார்த்தபடியே ஓர் ஆள் பதில் சொன்னான். "கரண்டுல ஓடும். ஒண்ணு இருந்தா போதும், இருபது மிஷினை இழுக்கும்."

அஸ்மத்துன்னிசா வஜீஹாவின் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

அது சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு மேஜோடுக் கம்பெனி. காலுக்குப் போடும் மேஜோட்டை, அதாவது காலுறையை, முன்கூடத்தில் ஆண்கள் கையால் சுற்றும் இயந்திரங்களில் பின்னுவார்கள். குழாய் போல வெளிவரும் அது. விரல் முனை திறந்திருக்கும். அந்த முனையை ஊசியால் மூடித் தைத்து, பிசிறு நறுக்கி, ஜோடி சேர்ப்பது பின்னறையில் இருந்த ஒன்பது பெண்களின் வேலை. அந்தத் திரைமறைவு அறைக்கு கோஷா ரூம் என்று பெயர். கூடத்துக்கும் அறைக்கும் நடுவில் ஒரு சதுர ஜன்னல், அதில் கனமான பச்சைத் திரை. மூட்டைகள் அதன் அடியில் வரும், போகும்.

இதையெல்லாம் ஏற்பாடு செய்தது அஸ்மத்துன்னிசாதான். மீர்சாகிப்பேட்டையில் அத்தர் விற்றவரின் மகள். பதினைந்து வயதில் ஜட்கா ஓட்டும் மெஹபூப் அலிக்கு வாழ்க்கைப்பட்டாள். பெற்ற இரண்டும் தங்கவில்லை. பஸ்கள் வந்து ஜட்காவுக்குச் சவாரி குறைந்த காலத்தில், கைவசம் இருந்த ஒரே குதிரை மெஹபூப் அலியின் முழங்காலை உதைத்தது. குதிரையை விற்றார்கள். கால் மடங்காமலே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவள் வீட்டிலிருந்து கைக்குட்டைகளுக்கு ஓரம் தைத்தாள். அந்தத் தெருவில் பத்து வீட்டில் பெண்கள் அதைச் செய்தார்கள். கைக்குட்டை கொடுக்கும் ஏஜெண்ட் மாதக் கடைசியில் வந்து, கூலியை வீட்டு ஆண்களின் கையில் கொடுத்துவிட்டுப் போவான். தைத்தவளுக்கு எவ்வளவு என்பது தைத்தவளுக்குத் தெரியாது.

1931-ல் மேஜோடுக் கம்பெனிக்குக் கை வேண்டும் என்று கேள்விப்பட்டு, புர்காவோடு தனியாக நடந்து சிந்தாதிரிப்பேட்டைக்குப் போனாள். மானேஜர் சுந்தரராமன் ஒரு மயிலாப்பூர்க்காரர். நல்ல மனிதர், கூச்ச சுபாவம். அவரிடம் கதவுக்குப் பின்னால் நின்று நிபந்தனைகளைச் சொன்னாள். தனி வாசல். திரை போட்ட வண்டி. வெள்ளிக்கிழமை விடுமுறை. கூலி அவரவர் கையில்.

"அவ்வளவும் முடியாது பீபி," என்றார் அவர்.

"அப்படீன்னா ஒருத்தியும் வரமாட்டா ஐயரே."

மூன்று நாள் கழித்து ஆள் அனுப்பினார். அவ்வளவுக்கும் ஒப்புக்கொண்டார்.

பிறகு வீடு வீடாகப் போய் பெண்களைக் கேட்டாள். எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி. ஆண்கள் இருக்கும் இடமாயிற்றே? அவள் ஒரே பதிலைச் சொன்னாள். எந்த ஆணும் உங்கள் பெண்ணின் முகத்தையும் பார்க்க மாட்டான், குரலையும் கேட்க மாட்டான். பேச வேண்டியதை நான் பேசுகிறேன்.

அந்த வாக்கை அவள் அட்சரம் பிசகாமல் காப்பாற்றினாள். சுந்தரராமனுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமானால் திரைக்கு அந்தப் பக்கம் நின்று இரண்டு தரம் கனைப்பார். உள்ளே அத்தனை பேச்சும் நின்றுவிடும். குரலுக்கும் கோஷா உண்டு. அஸ்மத்துன்னிசா மட்டும் எழுந்து போய்த் திரையருகே நிற்பாள். பேச்சு நடுவில் யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், விரலில் மாட்டியிருக்கும் அங்குஸ்தானால், அந்தப் பித்தளைத் தொப்பியால், தரைப் பலகையைத் தட்டுவார்கள். அவள் திரும்பி வந்து குனிந்து காதைக் கொடுப்பாள். கேட்டதைப் போய்த் திரையில் சொல்வாள். கூடத்தில் இருந்தவர்களுக்கு அந்த அறையில் ஒன்பது பேர் இருந்தாலும் ஒரே குரல்தான்.

நாலு வருஷத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஜைதூன் பீ கண்ணாடி வாங்கிக்கொண்டாள். ஒருத்தி தன் மகளை ஸ்கூலிலிருந்து நிறுத்த விடவில்லை. இன்னொருத்தி கொழுந்தனிடம் எண்ணெய்க்குக் கை நீட்டுவதை விட்டாள். வஜீஹாவின் சங்கதி கொஞ்சம் பெரியது. வாணியம்பாடியில் புருஷன் வலியுல்லா அடித்ததில் இடது காதில் கேட்காமல் போய்த் தகப்பன் வீட்டுக்கு வந்தவள் அவள். வலியுல்லா வீட்டிலிருந்து மாதத்துக்கு ஒரு கார்டு வரும், அனுப்பிவைக்கும்படி. தகப்பன் குலாம் முகம்மது ஒவ்வொரு தரமும் மகளின் முகத்தைப் பார்ப்பார். அவள், "நான் உங்க சோத்தைத் தின்னலையே அப்பா," என்பாள். அவர் கார்டை மடித்து வைத்துவிடுவார். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் இருந்தது இந்த அறை.

பெட்டி வந்த வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குத் தேவானை மூட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். கூவம் கரைக் குடிசைக்காரி, கூடத்தில் நூல் சுற்றுகிறவள். பெண்ணானதால் அவள் கோஷா ரூமுக்குள் வரலாம்.

"இன்னா ராணிங்களா, காலைல நடந்து வந்தீங்களாமே? ஊரே பேசிக்கினு கீது."

"பேசட்டும், உனக்கென்ன?" என்றாள் ஜைதூன் பீ.

"எனக்கு இன்னா? நாங்க தெனம் வெயில்ல நடந்துகினு வர்றோம். எவன் பேசறான் எங்களப் பத்தி?" மூட்டையைப் போட்டுவிட்டு அஸ்மத்துன்னிசாவிடம் குரலைத் தாழ்த்தினாள். "பீபி, ஐயிரு ஒன்னாண்ட ஒண்ணு கேக்கப் போறாரு. நல்லா ரோசன பண்ணி சொல்லு. என் கைல பத்து பேரு வேலை கேட்டுகினு கீறாங்க. அப்பால என் மேல கோச்சுக்காத."

அவள் போனதும் திரைக்கு அப்பால் இரண்டு கனைப்பு.

அஸ்மத்துன்னிசா எழுந்தாள்.

"பீபி, மோட்டார் வந்துடுத்து, பாத்திருப்பேள்," என்றார் சுந்தரராமன். "இனிமே பின்றதும் முனை மூடறதும் எல்லாம் மிஷின்தான். கூடத்துல மேல உத்தரத்தோட ஒரு இரும்புத் தண்டு ஓடும். அதுலேர்ந்து வார் இறங்கி ஒவ்வொரு மிஷினையும் சுத்தும். மிஷினெல்லாம் அந்தத் தண்டுக்குக் கீழதான் நிக்கணும். இந்த ரூமுக்குள்ள கொண்டுவர முடியாது. கையால தைக்கற வேலை இனிமே இல்லை."

"சரி."

"உங்க மனுஷா கூடத்துக்கு வருவாளா? கிழக்குச் சுவர் ஓரமா வரிசையாப் போட்டுத் தரேன். ஆனா புர்கா ஆகாது. துணி வார்ல மாட்டினா ஆளையே இழுத்துடும். தலையில முக்காடு இறுக்கிக் கட்டிக்கலாம். ரெண்டு மெக்கானிக், பின்ற ஆள்கள், அவா இருப்பா. முதலாளி இன்னிக்குச் சாயங்காலம் கேப்பார். நேக்கு ஒரு பதில் வேணும்."

அஸ்மத்துன்னிசா யோசித்தது ஒரு மூச்சு விடும் நேரம்தான். அதற்குள் நிறைய வந்து போயிற்று. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு போட்டுத் தந்தால் என்ன என்று தோன்றியது. அதைக் கேட்டால் முடியாது என்பார். முடியாது என்பவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு தரம் சொல்லிப் பலித்திருக்கிறது. வண்டிக்கு ஒரு தரம். போன வருஷம் தொழுகைக்கு இடம் கேட்டபோது ஒரு தரம்.

இன்னொன்றும் தோன்றியது. அதைப் பிற்பாடுதான் அவள் தனக்கே ஒப்புக்கொண்டாள். கிழக்குச் சுவர் ஓரமாக ஒன்பது இயந்திரங்கள். ஒன்பதில் ஒன்று தன்னுடையது. திரை இல்லை. கனைப்பும் இல்லை. மெக்கானிக் யாரோடு பேச வேண்டுமோ அவளோடு நேரே பேசிவிட்டுப் போவான்.

"ஐயரே," என்றாள். "எங்க பொம்பளைங்க ஆம்பளைங்க நடுவுல உக்கார மாட்டாங்க. ஒருத்தியும் வரமாட்டா."

பின்னால் தரைப்பலகையில் டொக் என்று ஒரு சத்தம்.

அவள் திரும்பவில்லை.

டொக், டொக். இது இன்னொரு மூலையிலிருந்து. பிறகு மறுபடியும் முதல் இடத்திலிருந்து, வேகமாக, நாலைந்து தரம். பிறகு மூன்றாவதாக ஓர் அங்குஸ்தான், மெதுவாக, தயங்கித் தயங்கி.

"உள்ள ஏதோ சத்தம் கேக்கறதே?" என்றார் சுந்தரராமன்.

"ஒண்ணுமில்ல. ஊசி டப்பா விழுந்துடிச்சு."

"நன்னா யோசிச்சுத்தான் சொல்றேளா?"

"நான் சொன்னா சொன்னதுதான்."

அவர் போன காலடிச் சத்தம் கேட்டது. சாயங்காலம், தடுப்பு போட்டுத் தருகிறேன் என்று திரும்பி வருவார் என அவள் நினைத்தாள். தட்டிய கைகள் மறுபடி தைக்கத் தொடங்கியிருந்தன. யார் யார் தட்டினார்கள் என்று அவள் பார்க்கவில்லை.

ஐந்து மணிக்கு மறுபடி இரண்டு கனைப்பு.

"பீபி, முதலாளிகிட்ட சொல்லிட்டேன். அவரும் சரின்னுட்டார். உங்க வழக்கத்துல நாங்க தலையிடப்படாது. நாளைக்கு உங்களுக்கு லீவு. சனிக்கிழமை வந்து கையில இருக்கற மூட்டையை முடிச்சுக் குடுத்துடுங்கோ. அதோட இந்த ரூமை ஸ்டோர் பண்ணிடறோம். தேவானை ஆள் கொண்டுவரேன்னுட்டா." கொஞ்சம் நிறுத்தி, "நாலு வருஷம் ஒரு குறை சொல்ல முடியாத வேலை," என்றார்.

அவள் திரையை விட்டு வந்து தன் ஊசியை டப்பாவில் போட்டாள்.

வண்டி மவுண்ட் ரோட்டைக் கடந்தது. டிராம் மணியடித்துக்கொண்டு போன சத்தத்தில் வஜீஹா ஆரம்பித்தாள். வண்டிக்காரர் காதில் விழாதபடி கிசுகிசுப்பாக.

"ஆபா, நான் தட்டினேன்."

"கேட்டுச்சு."

"கேட்டும் ஏன் திரும்பல?"

"தடுப்பு போட்டுக் குடுப்பாருன்னு நினைச்சேன். எப்பவும் குடுக்கிறவர்தானே."

"என்னைக் கேட்டிருந்தா நான் வரேன்னு சொல்லியிருப்பேன்."

"முக்காட்டோட ஆம்பளைங்க முன்னாலயா? உங்க அப்பா விட்டிருப்பாரா?"

"விடலைன்னா அது நானும் அப்பாவும் போட்டுக்கிற சண்டை. அதுக்குக்கூட இடம் இல்லாம பண்ணிட்டீங்க."

ஒருத்தி, தானாக இருந்தால் போயிருக்க மாட்டேன் என்றாள். இன்னொருத்தி புருஷனைக் கேட்டிருப்பேன் என்றாள். அப்புறம் ஜைதூன் பீ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "நான் போயிருப்பேன்."

அஸ்மத்துன்னிசா அவளைத் திரும்பிப் பார்த்தாள். அறையில் தும்மல் சத்தம் வெளியே கேட்டாலே, "அல்லா, ஆம்பளைங்க காதுல விழும்" என்று கடிந்துகொள்கிறவள் அவள்.

"நீயா?"

"ஏன், எனக்கு அம்பத்தெட்டு வயசு. பாதிக் கண்ணு ஊசியில போச்சு. என்னைப் பாத்து எவன் மயங்கி விழப் போறான்? விழுந்தா அந்த மோட்டார் மேலதான் விழணும்." யாரும் சிரிக்கவில்லை. "நானும்தான் தட்டினேன் அஸ்மத். இத்தனை வருஷத்துல நான் ஒரு தரம்கூட தட்டினதில்லை. தெரியுமா உனக்கு?"

அது உண்மை. தயங்கித் தயங்கிக் கேட்ட மூன்றாவது சத்தம் யாருடையது என்று அஸ்மத்துன்னிசாவுக்கு இப்போது தெரிந்தது. எட்டுப் பேரில் ஐந்து பேர் போயிருப்பார்கள். வீடு வந்து சேர்வதற்குள் அவள் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டுவிட்டாள். பகலிலேயே ஒரு நிமிஷம் குனிந்து கேட்டிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மயிலாப்பூர்ப் பக்கம் கிளம்பினாள். சுந்தரராமன் வீடு அபிராமபுரத்தில் புதிதாக எழும்பிய தெருவொன்றில் இருந்தது. ராயப்பேட்டை, லஸ், அதற்கப்பால் கேட்டுக் கேட்டுப் போனாள். சில மனைகளில் வீடு இருந்தது, சிலவற்றில் தென்னை மட்டும் இருந்தது. வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்தாள்.

கதவைத் திறந்தது அவர் மனைவி நீரஜா. புர்காவைக் கண்டு முதலில் திகைத்தாள்.

"ஐயரைப் பாக்கணும். கம்பெனி கோஷா ரூம்லேர்ந்து வரேன்."

"ஓ, நீங்கதானா? உங்க குரலைப் பத்தி ஆத்துல சொல்லிண்டே இருப்பார். அந்த பீபி ஒண்ணு சொன்னா சொன்னதுதாம்பார்." உள்ளே போய்ச் சொன்னாள்.

சுந்தரராமன் துண்டால் தோளை மூடிக்கொண்டு வாசலுக்கு வந்தார். புர்காவில் நிற்கும் ஒருத்தியைப் பார்த்தார். என்ன பேசுவது என்று தெரியாமல் இரண்டு தரம் கனைத்தார். வாசலில் திரை ஒன்றும் இல்லை. அவருக்கே அது தெரிந்து முகம் சிவந்தது.

"ஐயரே, நேத்து நான் சொன்னது தப்பு. அஞ்சு பேர் வராங்க."

"கூடத்துக்கா?"

"கூடத்துக்குத்தான். முக்காடு கட்டிக்கிட்டு."

அவர் தூணைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். "நீங்க ஒருத்தியும் வரமாட்டான்னேள். நீங்க சொன்னா அது எல்லாரும் சொன்னதுன்னுதானே நான் எடுத்துண்டேன். தேவானைகிட்ட வாக்கு குடுத்தாச்சு. பாவம், அவாளும் சந்தோஷமாப் போனா."

"உங்க கால்ல விழணும்னா விழறேன்."

"ஐயையோ, அதெல்லாம் வேண்டாம்." பதறிப் பின்வாங்கினார். "முதலாளி ஒண்ணு சொன்னார். முனை மூடற மிஷினுக்கு மட்டும் பழக்கப்பட்ட கை நாலு இருந்தா நன்னாயிருக்கும்னார். நாலு பேர். அதுக்கு மேல நேக்கு அதிகாரம் இல்லை. நாளைக்குக் காலம்பற எட்டு மணிக்கு முன்வாசலால வரச் சொல்லுங்கோ. வரலைன்னா அதையும் தேவானை ஆளுக்குக் குடுத்துடுவேன். அப்பறம் என்னைக் குத்தம் சொல்லப்படாது."

நாலு பேர். வஜீஹா, ஜைதூன் பீ, ஸ்கூல் பெண்ணின் அம்மா, இன்னும் ஒருத்தி. தான் இல்லை. திரும்பி நடக்கும்போதே அவள் பெயர்களை முடிவு செய்துவிட்டாள். லஸ் முனையில் நின்று ஒரு குழாயில் தண்ணீர் குடித்தாள். அன்றைக்கு மனம் லேசாக இருந்தது அந்த அரைமணி நேரம்தான்.

ஜும்ஆ தொழுகை முடிந்து மெஹபூப் அலி வீட்டுக்கு வந்தபோது அவர் கையில் இலையில் சுற்றிய மிட்டாய் இருந்தது. மடங்காத காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முகம் பூரித்திருந்தது.

"இன்னைக்கு என்ன நடந்தது தெரியுமா? கடைசி வரிசையில கதவோரம் உக்காந்திருந்தேன். பள்ளிவாசல் தலைவர் ஹபீபுர் ரஹ்மான் சாஹிப் தொழுகை முடிஞ்சதும் எழுந்து நின்னு, மெஹபூப் அலி வீட்டார் நம்ம மஹல்லா மானத்தைக் காப்பாத்திட்டாங்கன்னாரு. ஆம்பளைங்களோட உக்காந்து வேலை செய்யச் சொன்னதுக்கு ஒருத்தியும் வரமாட்டான்னு முகத்துல அடிச்ச மாதிரி சொல்லிட்டாங்களாமேன்னாரு. எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. ரெண்டு பேர் வந்து கட்டிக்கிட்டாங்க. காலு போனதுக்கு அப்புறம் என்னை யாரு கட்டிக்கிட்டா?"

"யார் சொன்னது இதை?"

"கய்யூம் பாய்தான். பின்வாசல்ல மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருந்தாராம். ஜன்னல்ல நீ சொன்னது அப்படியே காதுல விழுந்ததாம். என் வண்டி வேலை போனாலும் பரவாயில்லை, இப்படி ஒரு பேச்சைக் கேட்டேனேன்னு அழுதுட்டார் மனுஷன்." மிட்டாயை நீட்டினார். "தின்னு. ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?"

அவள் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டாள். புர்காவை மறுபடி மாட்டிக்கொண்டு தெருவின் அந்தக் கோடிக்குப் போனாள்.

குலாம் முகம்மது ஜாம்பஜாரில் தொப்பிக்கடை வைத்திருப்பவர். மெல்லப் பேசுகிறவர். அஸ்மத்துன்னிசா கதவுத் திரைக்கு உள்பக்கம் நின்றாள், அவர் வெளிப்பக்கம் மூங்கில் மோடாவில் உட்கார்ந்திருந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நேற்றுச் சொன்னது பேரம் பேசுவதற்காகச் சொன்னது என்றும், தட்டியதைக் கேட்டும் தான் திரும்பவில்லை என்றும், வஜீஹாவுக்கு ஓர் இடம் இருக்கிறது, நாளைக் காலை எட்டு மணி என்றும் சொன்னாள்.

அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"பஹன், நேத்து வந்து கேட்டிருந்தா சண்டை போட்டிருப்பேன். கடைசியில ஒருவேளை விட்டிருப்பேன். அவ பிடிவாதம் எனக்குத் தெரியும். இன்னைக்கு முடியாது. உன் மகளும் அந்த அறையில இருந்தவதானேன்னு எத்தனை பேர் என் கையைப் பிடிச்சாங்க தெரியுமா? இருபது வருஷமா அந்த பஜார்ல தொப்பி விக்கிறேன். ஒரு நாளும் என் கையை யாரும் அப்படிப் பிடிச்சதில்லை. நாளைக்கு அவளை முன்வாசலால அனுப்பினா, அந்தக் கையையெல்லாம் நான் எங்க வச்சுக்குவேன்?"

"அது என் வார்த்தை பாய். அவ வார்த்தை இல்லை."

"நீங்கதானே சொன்னீங்க, அவளுக்கும் சேர்த்துப் பேசறதா. என் வீட்டு வாசல்ல நின்னு சொன்னீங்க. அதை நம்பித்தானே அனுப்பினேன்?"

அஸ்மத்துன்னிசா திரையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ சம்பாதிச்சவரைக்கும் நான் வாயைத் திறக்கலை," என்றார் அவர். "இனிமே எத்தனை நாள் கார்டை மடிச்சு வைக்கிறது? வலியுல்லாவும் மாறியிருப்பான். அங்கேயே போகட்டும்."

உள்ளே வஜீஹா அடுப்பருகே நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கும். கேட்கிற காதை இந்தப் பக்கம் திருப்பித்தான் நின்றிருந்தாள். அஸ்மத்துன்னிசா அவள் தோளைத் தொடப் போனாள்.

"போங்க ஆபா," என்றாள் வஜீஹா. கோபமாகச் சொல்லவில்லை. "இன்னும் மூணு வீடு போகணுமே நீங்க. இருட்டிடும்."

மூன்று வீட்டுக்கும் போனாள். ஜைதூன் பீயின் மகன், அம்மா இனி வேலைக்குப் போக வேண்டாம், நாங்கள் இருக்கிறோம் என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். ஜைதூன் பீ மகனுக்குப் பின்னால் நின்றுகொண்டு அஸ்மத்துன்னிசாவைப் பார்த்தாள். மற்ற இரண்டு வீட்டிலும் உள்ளே கூப்பிட்டு ஷர்பத் கொடுத்தார்கள். உங்களைப் போல் ஒருத்தர் இந்தத் தெருவில் இருக்கிறது எங்களுக்குப் பெருமை என்றார்கள்.

தானே போனால் என்ன என்று ராத்திரி அவளுக்குத் தோன்றாமல் இல்லை. மெஹபூப் அலி தூக்கத்திலும் சிரித்த முகமாகப் படுத்திருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. ஏழு பேர் வேலைக்குப் போனார்கள். வஜீஹா வரவில்லை. ஸ்கூல் பெண்ணின் அம்மா ஜுரம் என்று சொல்லி அனுப்பினாள். எட்டு மணிக்கு முன்வாசலில் தேவானை கொண்டுவந்த பெண்கள் நின்றார்கள். சுந்தரராமன் எட்டேகால் வரை பார்த்துவிட்டு அவர்களில் நாலு பேரை முனை மூடும் வேலைக்குப் பேர் எழுதிக்கொண்டார். கூடத்தில் உத்தரத்தில் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் வழியாக மரத்தூள் வந்தது. கையிலிருந்த மூட்டைகள் இரண்டு மணிக்கு முடிந்துவிட்டன. தேவானை வந்து எடுத்துப் போனாள். அவள் ஒன்றும் கேலி பேசவில்லை. சுந்தரராமன் திரையருகே வந்து அறையின் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மூன்று மணிக்கு வீடு திரும்பினார்கள். வஜீஹாவை அழைத்துப்போகச் சொல்லி குலாம் முகம்மது கடையிலிருந்தே வாணியம்பாடிக்குக் கார்டு எழுதிப் போட்டுவிட்டதாகத் தெருவில் சொன்னார்கள். அஸ்மத்துன்னிசா பாத்திரம் தேய்த்து உலை வைத்தாள். அரிசி கொஞ்சம் குழைந்துவிட்டது. மெஹபூப் அலி சாப்பிட்டார். ஜாம்பஜாரில் ஒருவர் வீட்டில் சுற்றுவதற்கு பீடி இலை கொடுக்கிறாராம், கேட்டுப் பார்க்கவா என்றார். கேளுங்கள் என்றாள்.